ஊசி சாயாத ஊர்

விஞ்ஞானிகள் பள்ளிக்கு வந்தபோது என்ன நடந்தது என்று திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னவை இவை.

நாங்குநேரிப் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் பெரிய விஞ்ஞானி ஒருவரை அழைத்து வந்தோம். பொன்னாடை, வரவேற்புரை, ஒன்றரை மணி நேர ஆங்கிலப் பேச்சு. பின்வரிசை தூங்கிவிட்டது; பாதி நேரம் நானும்தான்.

அடுத்த முறை வந்தவர் கிருஷ்ணாபுரத்துப் புவிகாந்த ஆய்வகத்தில் பணிபுரிகிறவர். (கிருஷ்ணாபுரம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குச் சிற்பக் கோயில் மட்டும்தான்.) மேடை வேண்டாமென்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். தையல் ஊசியின் நடுவில் நூல் கட்டிச் சமமாகத் தொங்கவிட்டு, பிறகு காந்தத்தால் தேய்க்கச் சொன்னார். ஊசி வடக்கு தெற்காகத் திரும்பியது; சாயவில்லை. "இதையே டெல்லியில் செய்தால் வடமுனை நாற்பது பாகைக்கு மேல் கீழே சாயும். பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு நம் பக்கமாகப் போகிறது, அதனால்தான் இங்கே படுத்தே கிடக்கிறது" என்றார். தலைக்கு மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் கிழக்கு நோக்கி மின்னோட்டம் பாய்கிறது என்றதும் எட்டாம் வகுப்புப் பையன் எழுந்தான்: "சார், அதிலிருந்து ஒரு ஒயர் இழுத்தால் வீட்டுக்குக் கரண்ட் பில் வராதா?" அவர் சிரிக்கவில்லை. அது எவ்வளவு அகலத்தில் பரவி மெலிந்து ஓடுகிறது என்று குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினார். இன்னொரு கேள்விக்கு, "தெரியாது, பார்த்து எழுதுகிறேன்" என்றார். பத்து நாளில் அஞ்சலட்டை வந்துவிட்டது.

*

அண்ணாச்சி, உங்களுக்குக் கிருஷ்ணாபுரம் போல, பணகுடிக்காரனான எனக்கு இஸ்ரோ மையம் இருக்கும் மகேந்திரகிரி. சிறு வயதில் சுள்ளென்ற வெயிலில் இடி கேட்கும். ராக்கெட் எஞ்சினைத் தரையிலேயே பிணைத்து எரித்துப் பார்க்கிறார்கள் என்பது, அங்கிருந்து பள்ளிக்கு வந்த பொறியாளர் சொல்லித்தான் தெரிந்தது. மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனைப் பற்றி நிறையச் சொன்னார். எனக்கு நின்றது, அவரும் களக்காட்டில் தமிழ் வழியில் படித்தவர் என்பதுதான்.

*

பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளத்தில் நான் பார்த்தது தலைகீழ். பறவை ஆய்வாளர் பாடம் எடுக்க வந்தார். கூழைக்கடா எந்தக் கருவேலமரத்தில் கூடு கட்டும், எந்தக் கூட்டிலிருந்து குஞ்சு விழும் என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல, அவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு மணி அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை.