ஹிரோஷிகேயின் கோதென்யாமா ஓவியம்: செர்ரிப் பூக்களுக்குக் கீழே வெட்டுச்சரிவு ஏன்?

கேள்வி:
பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் 'எடோவின் (இன்றைய டோக்கியோ) நூறு புகழ்பெற்ற காட்சிகள்' வரிசையில், ஷினகாவாவின் கோதென்யாமா மேட்டைக் காட்டும் மரக்கட்டை அச்சோவியத்தைக் கூர்ந்து பார்த்தேன். உச்சியில் செர்ரி மரங்கள் பூத்திருக்கின்றன; பூக்காண வந்தவர்கள் சிறு உருவங்களாகத் தெரிகிறார்கள். ஆனால் படத்தின் பெரும்பகுதியை வெட்டுண்ட மண்சரிவே அடைத்துக்கொண்டிருக்கிறது. பூவுக்குப் பேர்போன இடத்தை இப்படி வரைந்தது ஏன்? பூக்கள் ஏறத்தாழ வெண்மையாக இருப்பது ஓவியர் விரும்பியதா, சாயம் வெளுத்ததா?

மறுமொழி 1:
அந்தச் சரிவு இயற்கையானதன்று. 1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி மேத்யூ பெரியின் போர்க்கப்பல்கள் எடோ விரிகுடாவின் வாயிலுக்கு வந்தபின், நகரைக் காக்க ஷோகுன் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) அரசு ஷினகாவா கடலில் பீரங்கி மேடைகளை அவசரமாக எழுப்பியது. அவற்றுக்கு வேண்டிய மண்ணுக்காகவே கோதென்யாமாவைத் தோண்டினார்கள். ஓவியம் 1856-இல் வெளிவந்தது. நாட்டு நடப்பை நேரடியாகச் சித்திரிக்கத் தணிக்கை இடம்கொடாத அக்காலத்தில், பீரங்கியையோ கப்பலையோ காட்டாமல் மேட்டின் காயத்தை மட்டும் காட்டியிருப்பதை இவ்வரிசையின் மிகத் துணிவான செயலாகவே நான் கருதுகிறேன்.

மறுமொழி 2:
இதே மேட்டை மூத்த ஓவியர் ஹொகுசாய் 1830-களின் தொடக்கத்தில் 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' வரிசையில் வரைந்திருக்கிறார். மரங்களுக்கிடையே தொலைவில் ஃபூஜி தெரிய, மக்கள் புல்தரையில் அமர்ந்து உண்டு குடித்து மகிழ்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இழப்பின் அளவு விளங்கும். இத்தகைய பூக்காணும் இடங்கள் தாமாக அமைந்தவையும் அல்ல. எடோவின் இன்னொரு பூக்காணும் இடமான உவெனோவில் ஷோகுன் குடும்பத்தின் கானேய்ஜி கோயில் இருந்ததால் அங்கே ஆட்டபாட்டத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. எட்டாம் ஷோகுன் யோஷிமுனே எடோவின் அசுகாயாமா மேட்டில் செர்ரி நடுவித்து, பொதுமக்கள் தாராளமாகக் கூடிக் களிக்கத் திறந்துவிட்டார்.

மறுமொழி 3:
நிறத்தைப் பொறுத்தவரை இரண்டுமே நடந்திருக்கலாம். இன்று ஜப்பானெங்கும் காணப்படும் சோமேய் யோஷினோ வகை பரவலானது பிந்தைய மெய்ஜி காலத்தில்தான் (1868–1912). அதற்குமுன் ஓவியர்கள் பெரிதும் கண்டது, செந்தளிரோடு சேர்ந்து வெளிர்நிறப் பூக்கள் விரியும் மலைச்செர்ரியையே. அச்சுப்பலகையும் உறுதியான அந்த மரத்தில்தான் செதுக்கப்பட்டது. சில அச்சோவியங்களில் இதழுக்கு மை இடாமல், பலகையை வெறுமனே அழுத்திப் புடைப்பை மட்டும் தாளில் ஏற்றுவார்கள். ஒளி பக்கவாட்டில் விழுந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். மறுபுறம், குசும்பப் பூவிலிருந்து எடுத்த இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் எளிதில் மங்கிவிடும். எனவே ஒரு படியை மட்டும் வைத்து முடிவுகட்டாமல், ஒரே பலகையிலிருந்து எடுத்த பல படிகளை அருங்காட்சியகங்களின் இணையத்தொகுப்புகளில் ஒப்பிட்டுப் பாருங்கள்.