மறு: 'கிளாவே'க்குத் தமிழ்ச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

1940இல் நியூயார்க்கில் தொடங்கிய 'மச்சீட்டோவும் ஆப்ரோ-கியூபன்களும்' குழு பற்றிய கட்டுரை ஒன்று தமிழில் தயாராகிறது. பாடகர் மச்சீட்டோ, இசைப் பொறுப்பாளர் மாரியோ பௌசா இருவரும் ஹவானாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். பௌசா அதற்கு முன்பே சிக் வெப், கேப் காலோவே ஜாஸ் குழுக்களில் டிரம்பெட் வாசித்தவர். ஜாஸும் கியூபா இசையும் எங்கே பொருந்தின என்று விளக்கப் போனால் கியூபா இசையின் அடித்தளமான 'கிளாவே' என்ற அடி வரிசை (அதைத் தட்டும் இரட்டைக் கட்டைகளுக்கும் அதே பெயர்) வந்து நிற்கிறது. ஸ்பானிய மொழியில் புதிரைத் திறக்கும் சாவி போன்ற குறிப்பு என்றும் பொருள். 'திறவுகோல் தாளம்' சரிவருமா?

---

> திறவுகோல் தாளம்

தாளம் என்றதும் ஆதிதாளத்தின் தட்டும் வீச்சும் விரலெண்ணிக்கையும்தான் நினைவுக்கு வரும். தாளம் காலத்தை அளப்பது. கிளாவே அளப்பதில்லை. 16 மாத்திரையில் 1, 4, 7, 11, 13 ஆகிய ஐந்து இடங்களில் விழும் அடி, அவ்வளவே. (ரும்பா என்ற கியூபா நடன இசை வகையில் 7 மட்டும் 8க்கு நகரும்.) முதல் எட்டில் மூன்று அடி, ஒரே இழுபறி, அடுத்த எட்டில் இரண்டு, நிதானம். பியானோவும் பாஸும் பாட்டும் இந்த இழுப்புக்கும் நிதானத்துக்கும் இசைந்து போக வேண்டும். யாரும் கட்டையைத் தட்டாத பதிவுகளிலும் அது உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

'நடை'யும் வேண்டாம். திஸ்ரம், கண்டம் என்று அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

என் பரிந்துரை 'அச்சாணி'. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. அந்தக் கட்டைகளே ஹவானாக் கப்பல் பட்டறைகளின் மர ஆணிகளிலிருந்து வந்தவை என்பார்கள், அதுவும் பொருந்துகிறது.

---

அச்சாணி நன்று. 'அச்சடி' என்று சுருக்க யாரும் கிளம்ப வேண்டாம், அச்சகம் ஆகிவிடும்.

ஆனால் கருவிக்கும் அதே பெயர் வைத்தால் குழம்பும். 'சப்ளாக்கட்டை' என்று இன்னொருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது சதங்கை கோத்தது, ஒரே கையில் தட்டுவது. இவை சாண் நீள உருட்டுக் கட்டைகள் இரண்டு. ஒன்றைக் குழித்த உள்ளங்கையின் மேல் தளர்வாகக் கிடத்தி, மற்றதால் நடுவில் தட்ட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஒலி செத்துவிடும். 'ஆணிக்கட்டை' எனலாமா?

இன்னொன்று: மூன்று முதலில் வருவதற்கும் இரண்டு முதலில் வருவதற்கும் (அப்போது 3, 5, 9, 12, 15) தனித்தனிச் சொல் வேண்டும். ஜாஸ் பழகியவர்கள் இடறுவது இங்கேதான்.

---

ஆணிக்கட்டை எனக்குச் சம்மதம். அந்த இரண்டு வரிசைக்கும் 'முன்மூன்று', 'முன்னிரண்டு'.

இடறல் எப்படி வருகிறது என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள். எட்டு மாத்திரை ஒரு 'பார்', அச்சாணி ஒரு சுற்று வர இரண்டு பார் வேண்டும். ஜாஸ் பாடல்களின் 12, 32 பார் அமைப்பு இரட்டை எண், தொல்லையில்லை. இசைக்கோப்பாளர் முன்னிசையிலோ இடையிலோ ஒற்றைப் பார் ஒன்றைக் கூட்டினால் மெட்டு அச்சாணியின் தவறான பாதிமேல் போய் உட்காரும். டிரம்பெட்கள் இழுக்கும்போது காங்கா முரசு நிதானத்தில் இருக்கும். எண்ணிக்கை பிசகாது, ஆனால் ஆடுகிறவர் கால் தடுமாறும். ஸ்பானியத்தில் 'குருசாதோ', குறுக்கிட்டது என்று பொருள். தமிழில் 'ஆணிப்பிசகு' போதும்.

இதையே வேண்டுமென்றும் செய்யலாம். முன்னிரண்டில் தொடங்கிய பகுதியை 7 பாரில் முடித்தால் அடுத்த பகுதி தானாக முன்மூன்றில் விழும். அச்சாணி நிற்பதும் இல்லை, திரும்புவதும் இல்லை; மெட்டுதான் இடம் மாறி ஏறுகிறது. ஆகவே 'அச்சாணி திரும்பியது' என்று எழுதிவிடாதீர்கள். பௌசாவின் 1943ஆம் ஆண்டு இசைப்படைப்பான 'தாங்கா'வை ஆணிக்கட்டையோடு தட்டிக் கேட்டால் பித்தளை வாத்தியங்கள் ஜாஸ் பேசியபடியே இதற்குள் அடங்கியிருப்பது புரியும்.

'மொந்துனோ'வை இப்போதைக்கு அப்படியே விடலாம். பியானோவின் சுழல்வரிசைக்கும் பாட்டின் கேள்வி-பதில் பகுதிக்கும் அதே பெயர். தனி இழை தொடங்குங்கள்.