ஏழு பேர் சொன்ன ஒரு சொல்: ஜூரி விசாரணை தொடர வேண்டுமா?

வன்னியூரான்:
சாதாரணக் குடிமக்கள் சிலர் அமர்ந்து குற்றமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் ஜூரி விசாரணையை இலங்கையில் முற்றாகக் கைவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் தம் மெய்க்காவலரோடு சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 2016 டிசம்பர் 24 அன்று, நள்ளிரவு கடந்த நேரத்தில், சிங்களம் பேசும் ஜூரர்கள் ஏழு பேரும் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், குற்றவாளிகள் அல்லர் என்றார்கள். எந்த மொழிப் பட்டியலிலிருந்து ஜூரர்களை எடுப்பது என்பதைத் தெரிவு செய்யும் உரிமையை நமது சட்டம் எதிரிக்கே கொடுத்திருக்கிறது. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு அதில் இடமே இல்லை. அதே ஆண்டு ஜூலையில் குமாரபுரம் வழக்கும் இப்படித்தான் முடிந்தது. 1996இல் திருகோணமலை மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்ட அந்த வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, அங்கே ஜூரியின் முன்னால் ஆறு முன்னாள் இராணுவத்தினர் விடுதலையானார்கள். மாறாக, யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவிலில் 2000 டிசம்பரில் எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கை ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் கூடி விசாரித்தார்கள். 2015இல் இராணுவத்தைச் சேர்ந்த ஒருவருக்கு மரண தண்டனை விதித்தார்கள்.

நியூஜெர்சித் தமிழன்:
ஐயா, உங்கள் வேதனையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் நீங்கள் காட்டும் குறை ஜூரர்களைப் பொறுக்கும் முறையில் இருக்கிறது. சாதாரண மக்கள் தீர்ப்புச் சொல்வதில் இல்லை. நான் இங்கே ஒரு திருட்டு வழக்கில் ஜூரராக இருந்திருக்கிறேன். இரவில் கடையிலிருந்து ஒருவன் ஓடியதைச் சாலைக்கு இப்பாலிருந்து பார்த்ததாக ஒரு சாட்சி உறுதியாகச் சொன்னார். எங்களில் பெரும்பாலோர் அதை நம்பிவிட்டோம். அறைக்குள் சென்று மேசையைச் சுற்றி உட்கார்ந்த பிறகு, பேருந்து ஓட்டுநரான ஒரு பெரியவர், சான்றாகத் தரப்பட்ட புகைப்படத்தைத் தம் பக்கம் இழுத்து, தெருவிளக்கின் மேல் விரலை வைத்தார். விளக்கு அந்த மனிதனுக்குப் பின்னால் இருந்தது. அப்படியானால் முகம் இருட்டில்தான் இருந்திருக்கும். இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் அதைச் சொல்லவில்லை. நாள்தோறும் இருட்டில் ஆட்களைப் பார்த்து வண்டியை நிறுத்துபவருக்குத் தெரிந்தது, சட்டம் படித்தவர்களுக்குத் தோன்றவில்லை.

சென்னை வழக்கறிஞர்:
அந்தப் பெரியவரை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் ஒவ்வொரு ஜூரியிலும் இருப்பார் என்று நம்பி ஓர் அமைப்பைக் கட்ட முடியாது. பம்பாயில் 1959இல் கடற்படை அதிகாரி நானாவதி தம் மனைவியோடு தொடர்பு கொண்டிருந்த பிரேம் அகுஜாவைச் சுட்டுக் கொன்றார். பத்திரிகைகளும் ஊரும் அவர் பக்கம் நின்றன. ஜூரர்கள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் குற்றமில்லை என்றார்கள். நியாயமான எவரும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது என்று கருதிய அமர்வு நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 1961இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இந்த ஒரு வழக்கினால்தான் இந்தியாவில் ஜூரி ஒழிந்தது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. அதற்கு முன்பே, 1958இல், சட்ட ஆணையம் ஜூரியைக் கைவிடப் பரிந்துரைத்திருந்தது.

நம் ஊரில் எதிர்த்திசையில் நடந்ததையும் பாருங்கள். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் ஜூரி குற்றவாளிகள் என்றது. மேல்முறையீடு தோற்று, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணைக்குப் பிறகு 1947இல்தான் வெளியே வந்தார்கள். புகழுள்ளவர் பம்பாயில் ஜூரியிடம் தப்பினார், சென்னையில் அகப்பட்டார். இரண்டுக்கும் ஜூரர்கள் காரணம் எழுதி வைக்கவில்லை.

நியூஜெர்சித் தமிழன்:
நானாவதி 1964இல் விடுதலையானது ஆளுநரின் மன்னிப்பால். வன்னியூரான் ஐயா சொன்ன மிருசுவில் குற்றவாளியை 2020இல் வெளியே விட்டது குடியரசுத் தலைவரின் மன்னிப்பு. அவற்றில் ஜூரர் எவரும் இல்லை. நீதிபதி மட்டும் போதும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? ஆள்பவர் நினைத்தால் நீதிபதியின் தீர்ப்பும் நிலைப்பதில்லை.

அமைப்பைத் திருத்தவும் வழி இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்து 1870 வரை, அயல்நாட்டவர் ஒருவர் வழக்கில் நின்றால் ஜூரர்களில் பாதிப் பேரை அயல்நாட்டவராகவே அமர்த்தும் வழக்கம் இருந்தது. ஒரு சமூகம் இன்னொரு சமூகத்துக்குத் தீர்ப்பளிக்கும் ஆபத்தை அவர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள். இலங்கையில் இன முரண் உள்ள வழக்குகளில் சிங்களம் பேசுபவரும் தமிழ் பேசுபவரும் கலந்த சபையை ஏன் அமைக்கக் கூடாது?

வன்னியூரான்:
கலந்த சபை என்பதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு ஏழு பேர் ஓர் அறைக்குள் ஒருவரையொருவர் எப்படி மறுத்துப் பேசுவார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். மன்னிப்பைப் பற்றி நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். மிருசுவில் குற்றவாளி வெளியே வந்தது கொடுமை. ஆனால் என்ன நடந்தது, எந்தச் சாட்சியை எதற்காக நம்பினோம் என்று நீதிபதிகள் எழுதிய தீர்ப்பை எந்த மன்னிப்பும் அழித்துவிடவில்லை. ரவிராஜின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பக்கம்கூட இல்லை.

சென்னை வழக்கறிஞர்:
இந்த இடத்தில் நியூஜெர்சி நண்பருக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பெயின் 1995இல் ஜூரியை மீண்டும் கொண்டுவந்தபோது, எந்தச் சான்றை ஏற்றோம், ஏன் ஏற்றோம் என்று ஜூரர்கள் சுருக்கமாக எழுதித் தர வேண்டும் என்று சட்டத்திலேயே சேர்த்தது. ஆகவே காரணம் சொல்லாமை ஜூரியோடு கூடப்பிறந்த குணம் அன்று.

வன்னியூரான்:
அப்படியானால் என் கோரிக்கையை மாற்றிக்கொள்கிறேன். காரணம் எழுதும் கடமையும் கலந்த சபையும் சட்டமாகும் நாள் வரை, ஆயுதம் ஏந்திய அரச பணியாளர் மீதான எந்தக் கொலை வழக்கும் ஜூரியிடம் போகக் கூடாது.

நியூஜெர்சித் தமிழன்:
அந்த வகை வழக்குகளுக்கு மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை. மற்ற வழக்குகளில் அந்தப் பேருந்து ஓட்டுநரின் நாற்காலியை எடுத்துவிடாதீர்கள்.