பில்லு வெள்ளைத் தாளாகிப் போச்சு, உங்க பிரின்டர் அனுபவத்தையும் சொல்லுங்க

காவேரிக்கரை:
வணக்கம் மக்களே. வீட்ல ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் போயிடுச்சு, வாரண்டி இன்னும் இருக்கேன்னு பில்லை எடுத்துப் பார்த்தா வெறும் வழவழ தாளு, ஒரு எழுத்து இல்ல. அம்மா அதை பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுல பத்திரமா வச்சிருந்தாங்க, அந்த கவரே வினையாயிடுச்சு. நல்லவேளை கடையில போன் நம்பரை வச்சு டூப்ளிகேட் எடுத்துக் கொடுத்தாங்க.

பில் போடுற அந்த குட்டி மெஷின்ல மையே கிடையாதுங்க. தாளுலயே நிறமில்லாத ஒரு சாயமும் கூட ஒரு அமிலப் பொருளும் பூசியிருப்பாங்க, மெஷின் தலையில வரிசையா பொடிப்பொடி ஹீட்டர், மில்லிமீட்டருக்கு 8ன்னு இருக்கும், எது சூடாகுதோ அந்த இடத்துல பூச்சு உருகி ரெண்டும் சேர்ந்து கறுப்பாகுது, அவ்ளோதான். நகத்தால வேகமா கீறுங்க, கோடு விழும். பிவிசி கவர் வளையறதுக்காக சேர்க்கிற கெமிக்கல், சானிடைசர், வெயில் இதெல்லாம் பட்டா எழுத்து மறைஞ்சுடும். சரி லேமினேஷன் பண்ணிடலாம்னு போயிடாதீங்க, அந்த சூட்டுல தாள் முழுக்க கறுத்துடும். வாங்கின அன்னிக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துடுங்க, இல்லன்னா போன்லயாவது போட்டோ எடுத்து வைங்க.

ஈரோட்டான்:
எங்க லாரி ஆபீஸ்ல இன்னமும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்தானுங்க. டிவிஎஸ் எம்எஸ்பின்னு ஒரு மாடல், கீச்சுகீச்சுன்னு சத்தம் போட்டுக்கிட்டே நாள் பூரா ஓடும். புதுசா வர்ற பசங்க இதை ஏன் இன்னும் வச்சிருக்கீங்கன்னு கேப்பாங்க. காரணம் இருக்குதுங்க. தலையில 9 பின், இல்ல 24 பின், ஒவ்வொண்ணுக்கும் ஒரு காந்தச் சுருள், அது பின்னைத் தள்ள, பின் ரிப்பனை அடிக்க, புள்ளி தாளுல விழுது. அந்த அடியோட வேகம் அடுத்தடுத்த தாளுக்கும் இறங்கும், அதனால சரக்கு அனுப்புறவருக்கு, வாங்குறவருக்கு, டிரைவருக்கு, ஃபைலுக்குன்னு எல்ஆர், அதாவது லாரி ரசீது, நாலு காப்பி ஒரே அடியில வந்துடும். லேசராலயோ இங்க்ஜெட்டாலயோ இது ஆகாது, அதுங்க தாளை அடிக்கிறதே இல்லையே.

பழைய ஃபைல எடுத்தா இன்னைக்கும் படிக்கலாமுங்க. எல்லா எழுத்துலயும் ஒரே உயரத்துல குறுக்கே வெள்ளைக்கோடு வந்தா ஒரு பின் போயிடுச்சுன்னு அர்த்தம். ரிப்பன் காய்ஞ்சு கிழியற வரைக்கும் ஓட்டாதீங்க, அந்த மைதான் பின்னுக்கு வழுக்கல் கொடுக்குது.

டிடிபி அக்கா:
ரெண்டு தம்பிகளும் நல்லா சொன்னீங்க. நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், மழைக்காலத்துல ஹால் டிக்கெட் நனைஞ்சு அழுதுகிட்டு வர்ற பிள்ளைங்களை நிறைய பார்த்திருக்கேன். வீட்டு கலர் பிரின்டர்ல, அதாவது மையைத் துளித்துளியா பீச்சுற இங்க்ஜெட்ல போட்டிருப்பாங்க, ஃபோட்டோவும் நம்பரும் கரைஞ்சு ஒண்ணா ஓடியிருக்கும். அந்த மை தண்ணியில கரையற சாயம், தாளுக்குள்ள ஊறி நிக்குது, திரும்ப தண்ணி பட்டா கிளம்பிடும். பிக்மென்ட் மைன்னு ஒண்ணு இருக்கு, அது பொடித் துகள், அவ்வளவு சீக்கிரம் கரையாது, மையை பாட்டில்ல இருந்து ஊத்திக்கிற சில டேங்க் மாடல்ல கருப்பு மட்டும் பிக்மென்ட் வரும், வாங்கும்போது கேட்டு வாங்குங்க.

இங்க்ஜெட்லயே ரெண்டு ஜாதி இருக்கு. 1977ல கேனன் கம்பெனியில இச்சிரோ எண்டோன்னு ஒருத்தர் வேலை பார்க்கும்போது சூடான சால்டரிங் அயர்ன் மை இருந்த சிரிஞ்ச் ஊசியில பட்டு மை பீச்சியடிச்சுது, அதுல பிறந்ததுதான் பபிள் ஜெட். மையை கண்மூடி திறக்கறதுக்குள்ள கொதிக்க வச்சு குமிழி உண்டாக்கி, அந்தக் குமிழி துளியை வெளிய தள்ளும். எப்சன் வழி வேற, மின்சாரம் பட்டா வளையற ஒரு பொருளை வச்சு மையை அழுத்தித் தள்ளுவாங்க, சூடு பண்றதில்ல. ரெண்டுலயும் ஓட்டை முடியை விட மெல்லிசு, அதனாலதான் சும்மா போட்டு வச்சா காய்ஞ்சு அடைச்சுக்குது.

லேசர் கதையே தனி, எனக்கு ரொம்ப பிடிச்சதும் அதுதான். ஜெராக்ஸ் கம்பெனியில கேரி ஸ்டார்க்வெதர்ங்கறவர் ஜெராக்ஸ் மெஷின் ஒண்ணை எடுத்து, கண்ணாடிக்கு மேல வைக்கிற பேப்பருக்குப் பதிலா லேசரை வச்சு எழுத வச்சாரு, 1971ல அது ஓடுச்சு. உள்ள ஒரு டிரம், அது மேல முழுக்க மின்சாரம் ஏத்துவாங்க, லேசர் பட்ட இடத்துல மட்டும் அது இறங்கிடும், அங்க டோனர் ஒட்டும், அப்புறம் தாளுக்கு மாறும். டோனர் மை இல்ல, பிளாஸ்டிக் பொடி. கடைசியில ஃபியூசர் கிட்டத்தட்ட 200 டிகிரியில அதை உருக்கி தாளோட ஒட்ட வைக்குது, தாள் சூடா வர்றது அதனாலதான். அந்த ஹால் டிக்கெட்டையே லேசர்ல எடுத்திருந்தா தாள் நைஞ்சாலும் எழுத்து ஓடாது.

விரலால தேச்சா எழுத்து உதிருதா, ஃபியூசர்ல கோளாறு. ஒரே கறை சம தூரத்துல திரும்பத் திரும்ப விழுதா, ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, அந்த தூரம் டிரம்மோட சுற்றளவுக்குச் சரியா இருந்தா டிரம்தான், இல்லன்னா வேற ரோலர். மெக்கானிக் வர்றதுக்கு முன்னாடியே எது போச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும்.

நெல்லைப் பொண்ணு:
அக்கா, வீட்டுக்கு எது வாங்கலாம்? மாசத்துக்கு ஏதோ கொஞ்சம் பேஜ்தான், தம்பி புராஜெக்ட்டுக்கு எப்பவாவது கலர் வேணும்.

டிடிபி அக்கா:
கருப்பு வெள்ளை லேசர் வாங்கிக்கோம்மா, மாசக்கணக்கா தொடாம கிடந்தாலும் டோனர் காயாது. கலரை கடையில எடுத்துக்கோ. டேங்க் பிரின்டர்தான்னா வாரம் ஒரு தடவையாவது கலர்ல ஒரு பக்கம் போட்டுடணும், அடைச்ச பிறகு, மையைப் பாய்ச்சி அடைப்பை எடுக்கிற ஹெட் கிளீனிங்கை மேல மேல கொடுத்தா மை பூரா உள்ள இருக்கிற பஞ்சுலதான் போய்ச் சேரும். டோனர் துணியில கொட்டிட்டா உதறிட்டு பச்சைத் தண்ணியிலயே அலசு, சுடுதண்ணி மட்டும் வேண்டாம்.