சாவித் தண்டைக் குட்டையா வெட்டிட்டேன், வழி சொல்லுங்க

அண்ணன்மாரே, காரைக்குடிப் பக்கத்திலிருந்து எழுதுறேன். 1970களில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ரோலெக்ஸ் செய்து கொடுத்த 5517 டைவிங் வாட்ச் சாயல்ல ஒண்ணை நானே கோத்துக்கிட்டிருக்கேன். வாள் மாதிரி முள், 60 நிமிஷமும் கோடு போட்ட வளையம், கழட்ட முடியாத பட்டைக் கம்பி, டயல்ல வட்டத்துக்குள்ள 'டி' (T) எழுத்து. அது இருட்டுல ஒளிர டிரிட்டியம்கிற கதிரியக்கப் பொருள் பூசினதுக்கு அடையாளம். என்னோடதுல பூசினது கதிரியக்கம் இல்லாத சாதாரண ஒளிர் பூச்சுதான் (லூம்), எழுத்து சும்மா அழகுக்கு!

மெஷின் சீக்கோ என்எச்35. டயல்ல தேதி ஜன்னல் கிடையாது, ஆனா உள்ளே தேதிச் சக்கரம் யாருக்கும் தெரியாம சுத்திக்கிட்டிருக்கும். தேதியே இல்லாத என்எச்38 மெஷினை வாங்கியிருக்கணும், புத்தி பிந்தித்தான் வந்துச்சு.

சிக்கல் இதுதான். வெளியே இருக்கிற திருகு மூடியையும் (கிரவுன்) உள்ளே இருக்கிற மெஷினையும் இணைக்கிற தண்டைக் கொஞ்சம் கொஞ்சமா அராவாம, ஒரே வெட்டா வெட்டிட்டேன். இப்ப திருகு மூடியை மூடினா மூடுது, ஆனா தண்டு முழுசா உள்ளே போகாம, வெளியே இழுத்த நிலையிலேயே நிக்குது. ஐயா பாத்துட்டு, "பட்டாலைக் கடிகாரத்துக்கு வாரம் ஒருக்கா சாவி கொடுத்தாப் போதும், உனக்கு ஏண்டா இது"ங்கிறாக.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகள்ல சுவர்க் கடிகாரம்தான் கிடைக்குது. என்எச்35 தண்டு தனியா மதுரையிலயோ திருச்சியிலயோ எங்க கிடைக்கும்? நீட்டிக்கிற இணைப்பு போட்டா தாங்குமா? தண்ணி புகுதான்னு அழுத்தம் வச்சு சோதிக்கிற மெஷின் யார்கிட்டயாவது இருக்கா? அதுவரை ஊருணிப் பக்கம் கூடப் போகமாட்டேன்.