புதிய மாத்திரைக்குப் பின் தொடங்கிய இருமல்: மாத்திரையா, வேறு நோயா?

பொழில் கேட்கிறார்:

அறுபத்தெட்டு வயதான என் அம்மாவுக்கு ரத்த அழுத்தத்திற்காக ராமிப்ரில் மாத்திரை தொடங்கி ஏழு வாரங்கள் ஆகின்றன. அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து வறட்டு இருமல் ஒன்று பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் ஒரு நூல் கிடந்து உறுத்துவது போலிருக்கிறது என்கிறார். இரவில் படுத்தால் கூடுகிறது.

இடையில் வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். ராமிப்ரில் எடுப்பதை நாங்கள் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக்கும் ஒரு இருமல் மருந்தும் கொடுத்தார். இருமல் குறையவில்லை, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் வந்ததுதான் மிச்சம். ஒரு நாள் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றதைப் பார்த்துப் பயந்து, அந்த இருமல் மருந்தை நானே நிறுத்திவிட்டேன்.

நேற்றுதான் ராமிப்ரில் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை விரித்துப் படித்தேன். பக்கவிளைவுகளில் இருமலும் இருக்கிறது. அதோடு நிற்காமல் தலைச்சுற்றல், பொட்டாசியம் உயர்வு, நாக்கு வீக்கம், கல்லீரல் பாதிப்பு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இருமலுக்கு மாத்திரைதான் காரணம் என்பதை எப்படி உறுதி செய்வது? நாங்களே நிறுத்திப் பார்க்கலாமா? இவ்வளவு நீளமான பட்டியலை ஒரு சாதாரண மனிதர் எப்படிப் புரிந்துகொள்வது?

கல்வம் பதிலளிக்கிறார்:

மருந்தாளுநராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிகிறேன். அம்மாவை நேரில் பரிசோதிக்காமல் யாரும் முடிவு சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் விவரிக்கும் இருமல் இந்த மாத்திரை தரும் இருமலின் எல்லா அடையாளங்களையும் கொண்டிருக்கிறது.

ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’ எனப் பெயர் முடியும் மாத்திரைகள் அனைத்தும் ஏசிஇ என்னும் நொதியைத் தடுப்பவை. ரத்த நாளங்களை இறுக்கும் ஒரு பொருளை உருவாக்குவது அந்த நொதியின் வேலை. பிராடிகைனின் என்ற மற்றொரு பொருளைச் சிதைப்பதும் அதன் வேலைதான். நொதியை அடைத்தவுடன் நாளங்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. கூடவே, சிதையாமல் மிஞ்சிய பிராடிகைனின் மூச்சுக்குழாயில் சேர்ந்து அங்குள்ள நரம்பு முனைகளைக் கூச வைக்கிறது. அம்மா சொல்லும் நூல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கிருமி காரணமாக வராத இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது.

இந்த இருமல் முதல் மாத்திரை எடுத்த சில மணி நேரத்திலும் தொடங்கலாம், பல மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். அதனால்தான் பலர் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. மருத்துவ உலகமே அப்படித்தான் தடுமாறியது: இந்த இனத்தின் முதல் மாத்திரையான கேப்டோப்ரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, இருமலை அதனுடன் இணைத்துப் பேசும் மருத்துவக் கட்டுரைகள் 1980-களின் நடுப்பகுதியில்தான் வரத் தொடங்கின. இருமல் என்பது யாருக்கும் எதனாலும் வரக்கூடியது என்பதால், கண்ணெதிரே இருந்தும் கவனத்தில் படவில்லை.

மாத்திரையை மாற்றினால் பெரும்பாலோருக்கு ஒன்று முதல் நான்கு வாரங்களில் இருமல் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும். இன்னொரு ‘ப்ரில்’ மாத்திரைக்கு மாறினால் பெரும்பாலும் இருமலும் கூடவே வரும். லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற ‘சார்டன்’ மாத்திரைகள் வேறு இடத்தில் வேலை செய்பவை. அந்த நொதியை அவை அடைப்பதில்லை என்பதால் வழக்கமாக மருத்துவர்கள் அவற்றுக்கு மாற்றுவார்கள்.

ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அழுத்தம் மீண்டும் ஏறும் என்பது ஒரு காரணம். இதயத்தையோ சிறுநீரகத்தையோ காப்பதற்காகவும் ராமிப்ரில் எழுதப்பட்டிருக்கலாம் என்பது இன்னொரு காரணம். வேறு சில மாத்திரைகளில் ஆபத்து இதைவிடப் பெரியது. அட்டெனோலால், மெட்டோபிரோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம், அல்லது அழுத்தம் முன்பிருந்ததைவிட எகிறலாம். ராமிப்ரிலை நீங்களாக நிறுத்தக் கூடாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு: உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அடுத்த மாத்திரையைத் தொடாமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். அதுவும் பிராடிகைனின் வேலைதான். பல ஆண்டுகள் சிக்கலின்றி எடுத்தவருக்கும் வரக்கூடியது.

நெய்தல் பதிலளிக்கிறார்:

உங்கள் கேள்வியில் என்னை உலுக்கியது இருமல் அல்ல, அந்த இருமல் மருந்துதான். ஒரு மாத்திரையின் விளைவைப் புதிய நோய் என்று எண்ணி இன்னொரு மருந்து, அந்த மருந்தின் விளைவுக்கு மற்றொன்று என்று போகும் சங்கிலியின் முதல் கண்ணி அது. முதியோர் மருத்துவத்தில் இதைப் பற்றி 1990-களிலேயே பவுலா ரோசனும் ஜெரி குர்விட்ஸும் எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பாவின் மாத்திரைப் பெட்டியிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அவருக்கு ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் 10 மில்லிகிராமாக உயர்த்தப்பட்ட பின் கணுக்கால் வீங்கத் தொடங்கியது. செருப்பைக் கழற்றிய பிறகும் வாரின் தடம் அரை மணி நேரம் அப்படியே இருக்கும். உடலில் நீர் சேர்கிறது என்று சொல்லி நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார்கள். அம்லோடிபின் தரும் வீக்கம் உடலில் நீர் கூடுவதால் வருவதல்ல. சிறு தமனிகள் விரிந்து, நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிவதால் வருவது. ஆகவே வீக்கம் குறையவில்லை, இரவில் நான்கு முறை எழ வேண்டியதுதான் வந்தது. நீர் மாத்திரையால் யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் சிவந்து வலித்தது. அதற்கு டிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. அடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் உயர்ந்திருந்தது, அழுத்தமும் ஏறியிருந்தது. அழுத்தம் ஏறியதற்கு இன்னொரு மாத்திரை சேர்க்கலாமா என்ற பேச்சும் எழுந்தது.

அந்த நேரத்தில் ஒரு மருத்துவர், வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லி, மேசைமேல் தொடங்கிய தேதி வரிசையில் பரப்பினார். ஒவ்வொரு அட்டைக்கும் கீழே அது எதற்காக வந்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதினார். வரிசையின் முதல் அட்டையைக் குறைத்து வேறொன்றைச் சேர்த்தார். மற்ற இரண்டும் தேவையற்றுப் போயின. இரண்டு வாரத்தில் கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது.

உங்கள் அம்மா ராமிப்ரில் எடுப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். ‘ப்ரில்’ அல்லது ‘சார்டன்’, அதோடு நீர் மாத்திரை, அதோடு டிக்ளோஃபெனாக் அல்லது இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒருவர் உடலில் ஒரே சமயத்தில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். மூட்டு வலிக்குத்தானே என்று அலட்சியமாகச் சேர்த்துவிடக் கூடியது வலி மாத்திரைதான்.

மறுகரை பதிலளிக்கிறார்:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் மாத்திரையின் தலையில் கட்டும் பழக்கமும் ஆபத்தானதே. 2020-இல் வெளிவந்த சாம்சன் என்ற ஆய்வில், பக்கவிளைவு தாங்காமல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைக் கைவிட்ட 60 பேருக்கு, சில மாதங்கள் உண்மையான ஸ்டாட்டினும், சில மாதங்கள் மருந்தே இல்லாத போலி மாத்திரையும், சில மாதங்கள் எதுவுமே இல்லாமலும் மாறி மாறிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் எடுத்தபோது அவர்கள் பட்ட தொந்தரவில் 90 விழுக்காடு போலி மாத்திரையிலும் இருந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. அது உண்மையான வலி, வந்த வழிதான் வேறு. பட்டியலைப் படித்துவிட்டு உடம்பை உற்றுக் கவனிப்பவருக்கு அதில் உள்ள ஏதாவதொன்று தென்படத்தான் செய்யும்.

அதோடு, வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலுக்கு ஆஸ்துமா, வயிற்று அமிலம் மேலேறுதல், இதயம் தளர்தல், காசநோய் என்று பல காரணங்கள் உண்டு. மாத்திரைதான் என்று நாமே முடிவு செய்துவிட்டு நெஞ்சைப் பரிசோதிக்காமல் விட்டுவிடக் கூடாது.

கல்வம் மீண்டும் எழுதுகிறார்:

மறுகரை சொல்வது நியாயம். ஆனால் இந்த இடத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது: பொழிலின் அம்மாவுக்கு இருமல் மூன்றாவது வாரத்திலேயே வந்துவிட்டது, தாளைப் படித்ததோ நேற்று. எதிர்பார்ப்பு இருமலை உண்டாக்கவில்லை. நரான்ஹோ என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 1981-இல் வகுத்த பத்துக் கேள்விகள் இந்த வகை ஐயத்திற்காகவே இன்றும் பயன்படுகின்றன. விளைவு மருந்துக்குப் பின் வந்ததா, நிறுத்தியபோது குறைந்ததா, மறுபடி கொடுத்தபோது திரும்பியதா, வேறு காரணம் உண்டா என்று அவை கேட்டுக்கொண்டே போகும். அம்மாவைப் பொறுத்தவரை முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு மருத்துவர் மாத்திரையை மாற்றிய பின்தான் கிடைக்கும். ஆகவே தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள்.

பட்டியலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நீளமாக இருப்பதைவிட, எந்தத் தலைப்பின் கீழ் எது வருகிறது என்பதுதான் முக்கியம். பல நாடுகளின் தாள்களில் ‘மிகப் பரவலானது’ என்றால் பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ, ‘பரவலானது’ என்றால் நூற்றில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை, ‘அரிது’ என்றால் பத்தாயிரத்தில் ஒருவர் முதல் ஆயிரத்தில் ஒருவர் வரை என்று பொருள். இருமல் பரவலானவற்றில் இருக்கும், நாக்கு வீக்கம் அதைவிடக் குறைவாக வருபவற்றில் இருக்கும். மிக அரிய விளைவுகள் மருந்து சந்தைக்கு வருவதற்கு முன் தெரியாமலே போகலாம்: 3,000 பேரிடம் சோதித்து ஒரு விளைவு ஒருமுறைகூடக் காணப்படவில்லை என்றால், அது ஆயிரத்தில் ஒருவரைவிடக் குறைவாகவே வரும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம், அவ்வளவுதான். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவது அந்தச் சோதனைக்குள் பெரும்பாலும் அகப்படாது. அதைப் பிடிப்பது பின்னால் வரும் புகார்கள்தான். கர்ப்பிணிகள் எடுத்த தாலிடோமைடு என்ற மருந்து பிறக்கும் குழந்தைகளின் கை கால்களைச் சிதைக்கிறது என்ற ஐயத்தை 1961-இல் லான்செட் இதழில் எழுப்பியது வில்லியம் மெக்பிரைட் என்ற மருத்துவரின் சில வரிக் கடிதம். அந்தப் பேரழிவுக்குப் பின்தான் 1968-இல் உலக சுகாதார அமைப்பின் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. இன்று பல நாடுகளில் நோயாளியே நேரடியாகப் புகார் பதியலாம். தெரிந்த விளைவுதானே என்று தயங்க வேண்டியதில்லை.

பொழில் எழுதுகிறார் (ஐந்து வாரங்களுக்குப் பின்):

தேதிகள் எழுதிய தாளுடன் போனோம். மருத்துவர் நெஞ்சைப் பரிசோதித்து எக்ஸ்ரே எடுத்தார். பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கவே டெல்மிசார்டனுக்கு மாற்றினார். முதல் வாரம் எந்த மாற்றமும் இல்லாததால் அம்மா நம்பிக்கை இழந்தார். மூன்றாவது வாரத்தில் இரவு முழுக்கத் தூங்கினார். இப்போது எப்போதாவது ஒரு செருமல், அவ்வளவே. கோப்பின் முதல் பக்கத்தில் ‘ராமிப்ரில்: இருமல்’ என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாதி தீர்ந்த ராமிப்ரில் அட்டை ஒன்று வீட்டில் இருக்கிறது. அழுத்தம் கூடும் நாளில் அதையும் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று அம்மா கேட்கிறார்.

கல்வம் பதிலளிக்கிறார்:

வேண்டவே வேண்டாம். இதே இரண்டு மாத்திரைகளையும் 25,620 பேரிடம் ஒப்பிட்ட ஆன்டார்கெட் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. இருமலால் மாத்திரையை விட்டவர்கள் ராமிப்ரில் பிரிவில் 4.2 விழுக்காடு, டெல்மிசார்டன் பிரிவில் 1.1 விழுக்காடு. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் கிடைக்கவில்லை; அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குவதும் சிறுநீரகக் கோளாறும்தான் கூடின. அந்த அட்டையை இன்றே மாத்திரைப் பெட்டியிலிருந்து எடுத்து, அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது கொடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள்.