31 வாரக் கர்ப்பம்: குழந்தையின் தலை வளர்கிறது, வயிறு வளரவில்லை

உட்லண்ட்ஸில் வசிக்கும் எனக்கு இது முதல் கர்ப்பம். இன்று 31 வாரம், 2 நாள். 28ஆம் வாரத்திலிருந்து குழந்தையின் வளர்ச்சி பின்தங்குகிறது. நேற்றைய ஸ்கேனில் உத்தேச எடை 1,250 கிராம்தான். தலைச் சுற்றளவு வாரத்திற்கு ஏற்ப இருக்க, வயிற்றுச் சுற்றளவு மட்டும் மிகவும் சிறுத்துள்ளது. ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் பரிசோதனையில், தொப்புள்கொடித் தமனியில் ரத்த ஓட்டத்திற்கான எதிர்ப்பு கூடியும், மூளைத் தமனியில் அது குறைந்தும் காணப்பட்டன.

நஞ்சுக்கொடி போதிய ஆக்சிஜன் தராதபோது, கரு தன் ரத்தத்தை மூளைக்கும் இதயத்திற்கும் கூடுதலாக அனுப்பி, கல்லீரல், சிறுநீரகம் போன்றவற்றுக்குக் குறைத்துக்கொள்ளும் என்றும், பனிக்குட நீர் குறைந்திருப்பதற்கும் அதுவே காரணம் என்றும் மருத்துவர் விளக்கினார். பிறக்கும் முன்பே வரவு செலவு பார்க்கக் கற்றுக்கொண்டது போலும்.

என் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இயல்பாகவே உள்ளன. புரத உணவைக் கூட்டினேன். 2 வாரம் மருத்துவ விடுப்பில் ஓய்வெடுத்தேன். அம்மா செய்து தந்த உளுந்தங்கஞ்சியையும் விடவில்லை. வேறொரு மருத்துவரும், உணவால் இது சரியாகாது, வாரம் இருமுறை டாப்ளரும் இதயத்துடிப்புப் பதிவும் எடுத்துக் கண்காணிப்பதே வழி என்றார்.

இதே போன்ற டாப்ளர் முடிவு வந்தவர்களுக்கு, எந்த வாரத்தில், எந்த மாற்றத்தைக் கண்டு பிரசவத்தை முடிவு செய்தார்கள்?